பேஸ்பாலில் 40 வயதைத் தாண்டிய ஸ்டார்ட்டரை (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சரை) ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுக்கலாமா?

மூணாவது பேஸ்:
எந்த அணி என்று சொன்னால் இழை சண்டையாகிவிடும், அதனால் வேண்டாம். ரொட்டேஷனில் (முறைவைத்து ஆட்டம் தொடங்கும் ஐந்து பிட்சர்கள்) மூன்று பேர் உறுதி. நான்காவது ஆள் முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து ஜூலையில்தான் திரும்புவார். ஐந்தாவது இடத்துக்கு ட்ரிபிள்-ஏயில் (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே) 23 வயதுப் பையன் ஒருவன் தயார். இதற்கிடையே 41 வயது ஸ்டார்ட்டர் ஒருவரை 1.5 கோடி டாலருக்கு எடுக்கப் போவதாகப் பேச்சு. போன சீசனில் அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் எழுதப்படும் ரன், குறைந்தால் நல்லது) 5க்கு மேல். "வேகம் குறையவில்லை" என்கிறார்கள். டிக்கெட் விற்கப் பெயரை வாங்குகிறார்களா, இல்லை இதில் கணக்கு ஏதும் உண்டா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

கணக்குப்பிள்ளை:
ஈ.ஆர்.ஏ.வை ஓரமாக வைத்துவிட்டு எஃப்.ஐ.பி. போட்டுப் பாருங்கள். ஹோம் ரன், வாக், ஸ்ட்ரைக் அவுட் போன்றவற்றை மட்டும் வைத்து, ஃபீல்டர்களின் உதவியும் அதிர்ஷ்டமும் கலக்காமல் போடும் கணக்கு அது. உதாரணத்துக்கு, ஜஸ்டின் வெர்லாண்டர் 41 வயதில், 2024இல் ஹூஸ்டனுக்காக 90⅓ இன்னிங்ஸ் வீசினார், ஈ.ஆர்.ஏ. 5.48. ஹோம் ரன் 15 × 13 = 195. வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) 27 × 3 = 81. மொத்தம் 276. அதிலிருந்து ஸ்ட்ரைக் அவுட் 74 × 2 = 148ஐக் கழித்தால் 128. இன்னிங்ஸால் வகுத்தால் 1.42. அந்த ஆண்டின் மாறிலி (ஈ.ஆர்.ஏ. அளவுக்குக் கொண்டுவரச் சேர்க்கும் எண்) சுமார் 3.17, கூட்டினால் 4.59. பந்து உடம்பில் பட்டு பேஸுக்குப் போனவர்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். ஆக, 5.48 சொன்ன அளவுக்கு மோசமில்லை. அதற்காக 3.50 பிட்சரும் இல்லை. ரொட்டேஷனில் நான்காவது அல்லது ஐந்தாவது ஆள், அவ்வளவுதான்.

அடுத்து, சீசனைக் காயத்துக்கு முன், பின் என்று இரண்டாக வெட்டுங்கள். ஜூனில் கழுத்து வலியோடு ஒதுங்குவதற்கு முன் அவர் ஈ.ஆர்.ஏ. 4க்குள் இருந்தது. ஆகஸ்ட்டில் திரும்பிய பிறகு 8ஐத் தாண்டியது. சரிவுக்கு இப்படி ஒரு தேதி இருந்தால் பேரம் பேசலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சீராக இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

2025இல் சான் ஃபிரான்சிஸ்கோ இதே 1.5 கோடிக்கு அவரை எடுத்தது. 29 ஸ்டார்ட், 152 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 3.85. முதல் வெற்றியே 17ஆவது ஸ்டார்ட்டில்தான் வந்தது, முடிவில் 4-11 (4 வெற்றி, 11 தோல்வி). வெற்றி தோல்விக் கணக்கை வைத்துப் பிட்சரை எடைபோடுபவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும்.

ரிலீஸ் பாயிண்ட்:
கணக்குப்பிள்ளை மைதானத்தை விட்டுவிட்டார். வெர்லாண்டர் பந்து அதிகம் வானத்துக்குத்தான் போகும். ஹூஸ்டனில் இடது ஃபீல்ட் சுவர் 315 அடியில் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹோம் ரன் எடுப்பது கஷ்டம். உங்கள் அணியின் மைதானம் சின்னதென்றால் அந்த 3.85ஐ அப்படியே நம்பாதீர்கள்.

வேகம் பற்றி: சீசன் சராசரி மட்டும் போதாது. பேஸ்பால் சாவண்ட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முதல் இன்னிங்ஸ் ஃபாஸ்ட்பால் வேகத்தையும் ஐந்தாவது இன்னிங்ஸ் வேகத்தையும் ஒப்பிடுங்கள். வயதானவர் முதல் இன்னிங்ஸில் 94 மைல் தொடுவார். ஐந்தாவதில் 92க்கு வந்துவிட்டால் மூன்றாவது முறை மட்டை பிடிக்க வருபவன் வெளுத்துவிடுவான். அடுத்து, பந்து கையை விட்டுப் போகும் உயரம். முந்தைய ஆண்டைவிட இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருந்து, யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை என்றால், தோள்பட்டையைச் சந்தேகியுங்கள். மூன்றாவது, ஸ்ட்ரைக் ஸோனின் (மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பகுதி) மேல்பகுதியில் வீசும் ஃபாஸ்ட்பால். முன்பு மட்டையில் படாமல் போனது இப்போது மட்டையில் உரசி ஃபவுல் ஆகிறதா? அப்படியென்றால் பந்து எண்ணிக்கை ஏறும், நான்காவது இன்னிங்ஸிலேயே 90ஐத் தொடும்.

தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து வருபவர் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2009இல் பாஸ்டன் ஜான் ஸ்மோல்ட்ஸை 55 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஜூன் கடைசியில்தான் வந்தார். எட்டு ஸ்டார்ட், 2-5, ஈ.ஆர்.ஏ. 8.32. ஆகஸ்ட்டில் விட்டுவிட்டார்கள்.

இடதுகை ரிலீவர்:
நான் எதிர்க்கட்சி. அந்த 23 வயதுப் பையனை என்ன செய்வதாக உத்தேசம்? அவனுக்கு ஆப்ஷன் (சம்மதம் கேட்காமல் மைனர் லீக்குக்கு அனுப்ப அணிக்குள்ள உரிமை) இருப்பதால் கீழே அனுப்பலாம். ஐந்து ஆண்டு மேஜர் லீக் சர்வீஸ் உள்ள மூத்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மைனருக்கு அனுப்ப முடியாது. அதனால் பெரியவர் சரியாக வீசாவிட்டாலும் அடிபடப்போவது பையன்தான். 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஒருவர் ஐந்து நாளுக்கு ஒருமுறை நான்கே இன்னிங்ஸோடு வெளியேறினால் மிச்ச ஐந்தும் புல்பென் (இடையில் வந்து வீசும் ரிலீவர்கள்) தலையில் விழும். அணி ப்ளேஆஃபுக்குப் போட்டி போடுகிறது என்றால் சரி. 75 வெற்றி தேறாத அணி என்றால், அந்த இன்னிங்ஸைப் பையனுக்குக் கொடுத்து அவன் அடிவாங்கிக் கற்றுக்கொள்ளட்டும்.

கணக்குப்பிள்ளை:
@இடதுகை ரிலீவர் பாதி சரி. ஆனால் ஐந்தே ஸ்டார்ட்டர்களோடு 162 ஆட்டத்தை முடிக்கும் அணி மிக அபூர்வம். ஏழெட்டுப் பேராவது தேவைப்படும். பையனுக்கு மே மாதத்துக்குள் வேலை வந்துவிடும். பெரியவரை 160 இன்னிங்ஸுக்கு நம்பாமல் 100 என்று வைத்துக்கொண்டு, மீதி 60க்கு இப்போதே ஆள் குறியுங்கள். அந்த ஆள் இல்லையென்றால் 1.5 கோடி தண்டம்.

மூணாவது பேஸ்:
போட்டி போடும் அணிதான், போன தடவை மூன்று ஆட்டத்தில் ப்ளேஆஃப் தவறியது. ஆனால் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக ஆடம்பர வரியில் (மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் வரி) இருக்கிறது. ஒப்பந்தத்தை எப்படிப் போடுவது?

ஷரத்து:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது ஆண்டு என்றால் முதல் வரம்புக்கு மேல் 50 சதவீத வரி. 1.5 கோடி உண்மையில் 2.25 கோடி. மேல் வரம்புகளையும் தாண்டியிருந்தால் இன்னும் கூடும்.

உறுதித் தொகையை 80 லட்சத்துக்குள் வைத்து, மிச்சத்தை போனஸாகப் பிரியுங்கள். ஈ.ஆர்.ஏ.வுக்கோ வெற்றிக்கோ போனஸ் எழுத விதி அனுமதிக்காது. இன்னிங்ஸ், ஸ்டார்ட், பட்டியலில் இருந்த நாட்கள் இவற்றுக்கு எழுதலாம். 60, 90, 120 இன்னிங்ஸ் என்று படி வையுங்கள். அடுத்த ஆண்டுக்கும் ஒப்பந்தம் நீளும் ஆப்ஷன் கேட்டால் இன்னிங்ஸோடு கட்டுங்கள். நியூயார்க் மெட்ஸ் வெர்லாண்டருக்குப் போட்டு, பிறகு அவரோடு ஹூஸ்டனுக்குப் போன ஒப்பந்தத்தில் 2025க்கான 3.5 கோடி, 2024இல் 140 இன்னிங்ஸ் வீசினால்தான் உயிர்பெறும் என்று இருந்தது. அவர் வீசியது 90⅓. அந்த ஒரு வரி 3.5 கோடியைக் காப்பாற்றியது.

ட்ரேடுக்குத் தடை போடும் ஷரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். 2025இல் பால்டிமோர் 41 வயது சார்லி மார்ட்டனை 1.5 கோடிக்கு எடுத்து, ஏப்ரலில் தலையில் கைவைத்தது. அவர் தேறிவந்ததும் ஜூலை இறுதியில் டெட்ராய்ட்டுக்குத் தள்ளிவிட முடிந்தது.

ரிலீஸ் பாயிண்ட்:
இன்னொரு வழியும் உண்டு: இப்போது யாரையும் எடுக்காமல் ஜூலை வரை காத்திருப்பது. 2009இல் ஃபிலடெல்ஃபியா பெட்ரோ மார்ட்டினஸை ஜூலையில் சுமார் 10 லட்சத்துக்கு எடுத்தது. ஒன்பது ஸ்டார்ட், 5-1, ஈ.ஆர்.ஏ. 3.63. ஆனால் உங்கள் நான்காவது ஆளும் ஜூலையில்தான் வருகிறார். உங்களுக்கு ஓட்டை ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதனால் இது பொருந்தாது.

மூணாவது பேஸ்:
மைனர் லீக் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டால்?

ஷரத்து:
யோசிக்காமல் போடுங்கள். அவரைப் போன்ற மூத்த ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு, மேஜர் லீக் இடம் தராவிட்டால் விலகிக்கொள்ள மூன்று தேதிகள் உண்டு: தொடக்க ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன், மே 1, ஜூன் 1. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாரம் முன்பே அவரை ஐந்து இன்னிங்ஸ், 80 பந்து வரை வீச வைத்துப் பார்த்துவிடுங்கள். கடைசி நாளில் முடிவெடுத்தால் 40 பேர் பட்டியலில் (மேஜர் லீக்கில் ஆட அதில் இடம் வேண்டும்) இடம் காலி செய்ய நேரம் இருக்காது.