ஹாட் டப் பம்ப் மாற்றணும்: பழசு 60 ஹெர்ட்ஸ், புதுசு 50 ஹெர்ட்ஸ், உயரமும் வேற

தளி தோட்டம்:
வணக்கம். ஓசூரிலிருந்து தளி போற ரோட்டில் தோட்ட வீடு. ஆறு பேர் உட்காரும் இறக்குமதி ஹாட் டப், 2 எச்.பி. டூ ஸ்பீட் பம்ப். பெயர்ப்பலகையில் 240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 56 ஃப்ரேம் (மோட்டார் உடம்போட அளவு எண்)னு இருக்கு. லோ ஸ்பீடில் கிறீச்சுனு கத்துது. ஹையில் போட்டா அஞ்சு நிமிஷத்தில் சூடாகி நின்னுடுது. மோட்டாரும் பம்பும் சேரும் இடத்துக்குக் கீழே வெள்ளையா உப்புக் கோடு. கிடைச்ச புது பம்ப் 2 எச்.பி., 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 48 ஃப்ரேம். பழசில் டெலிவரி இடது பக்கம், புதுசில் நேரா மேலே. பழைய பம்ப் தலையைக் கழற்றிப் புது மோட்டாரில் போட்டுட்டா பைப்பைத் தொடவே வேண்டாம்னு பிளம்பர் சொல்றார். பைப் எட்டாத இடத்தில் தோட்டத்து 63 எம்.எம். பைப் போட்டுக்கலாம்ங்கிறார். சாயங்காலம் வோல்டேஜ் 190 தான் வருது. எப்படிப் பண்றது?

பம்ப்செட் ஓசூர்:
பிளம்பர் சொன்ன ரெண்டுமே வேண்டாம் சார். பழைய தலையில் இருக்கிற இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சக்கரம்) 60 ஹெர்ட்ஸ் வேகத்துக்குச் செஞ்சது, அதாவது நிமிஷத்துக்குச் சுமார் 3450 சுற்று. இங்கே 50 ஹெர்ட்ஸில் மோட்டார் 2850 சுற்றுக்கு மேல் போகாது. வேகம் ஆறில் அஞ்சு பங்கானா தண்ணியும் அதே அளவுக்குக் குறையும். ஆனா பிரஷர் எழுபது சதவீதத்துக்கும் கீழே போயிடும். ஜெட் சவசவன்னு வரும். புது பம்பை அதோட தலையோடவே முழுசா மாட்டுங்க.

63 எம்.எம். பைப் விஷயம் இன்னும் முக்கியம். விவசாயப் பைப்புக்கு வெளி விட்டம் 63. உங்க டப்பில் இருக்கிற 2 இஞ்ச் பைப் 60.3 எம்.எம். ரெண்டும் ‘ரெண்டு இஞ்ச்’னுதான் கடையில் கொடுப்பாங்க, ஆனா ஒண்ணு இன்னொண்ணோட சாக்கெட்டில் சேராது. சூடு காட்டி விரிச்சு, சொல்யூஷன் தடவி ஏத்தினா ஒரு மாசம் தாங்கும், அப்புறம் ஜாயின்ட்டில் கசியும். ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்க அளவு முறை) அளவு யு.பி.வி.சி. 2 இஞ்ச் பைப்னு கேட்டு வாங்குங்க, கப்ளிங்கும் அதே அளவில். ஒட்டினதை ஒரு ராத்திரி விட்டுட்டுத் தண்ணி விடுங்க. பம்ப் வாய் மரையையும் ஸ்கேலால் அளந்துடுங்க. மரையின் வெளி விட்டம் 76 எம்.எம். வாக்கில் இருந்தா 2 இஞ்ச் யூனியன் (கழற்றி மாட்டுற மரை இணைப்பு), 60 வாக்கில் இருந்தா ஒன்றரை இஞ்ச்.

உயரம்: 56 ஃப்ரேமில் அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் 89 எம்.எம்., 48 ஃப்ரேமில் 76. அந்த 13 எம்.எம்.முக்குக் கெட்டி ரப்பர் ஷீட்டை அடியில் கொடுங்க. மரக்கட்டை வேண்டாம், அந்த ஈரத்தில் மக்கிடும். ரப்பர் அதிர்வையும் வாங்கிக்கும். முட்டு கொடுக்காம பைப்பை இழுத்து வளைச்சு யூனியனைப் பூட்டினா, அந்த இழுப்பு பூராவும் பிளாஸ்டிக் வாயில் நிக்கும், ஒரு நாள் மரை ஓரமா விரிசல் விடும். கை விரலாலேயே ரெண்டு யூனியனும் சுலபமா ஏறினாத்தான் நேரா இருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் அடி போல்ட்டை முடுக்கணும்.

டெலிவரியை இடது பக்கம் திருப்ப மோட்டாரைப் புரட்டாதீங்க. மோட்டாரில் தண்ணி வடியற ஓட்டை கீழ்ப்பக்கம்தான் இருக்கணும். பம்ப் தலையின் முன் கூட்டைச் சுத்தி இருக்கிற ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றி, கூட்டைத் திருப்பி, ஓ ரிங் காடியில் படிஞ்சிருக்கான்னு பார்த்து, எதிரெதிர் ஸ்க்ரூவா முடுக்குங்க. இம்பெல்லரையும், ஷாஃப்ட் வழியா தண்ணி கசியாம தடுக்கிற சீலையும் தொட வேண்டாம். பிறகு ஷாஃப்ட்டைக் கையால் சுத்திப் பாருங்க, உரசுற சத்தம் வரக் கூடாது.

யூனியனுக்கு டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். தண்ணியை நிறுத்துறது ஓ ரிங்தான். ஓ ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாசலின் போட்டா அந்த ரப்பர் உப்பிடும்.

பாலக்கோடு வயரிங்:
கரண்ட் பக்கம் நான் சொல்றேன். எம்.சி.பி.யை ஆஃப் பண்ணி, பம்ப் டெர்மினலில் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும், டெஸ்டரை நம்ப வேண்டாம். ஆஃப் பண்ணாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிக்கும். ஹோல்டரில் மாட்டின 60 வாட் குண்டு பல்பின் ரெண்டு வயரையும் அதோட முனைகளில் தொட்டு இறக்கிடுங்க.

டூ ஸ்பீட் மோட்டாருக்கு எர்த் போக மூணு வயர்: பொது, லோ, ஹை. கலரைப் பார்த்து மாட்டாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழசைக் கழற்றும்போதே போர்டில் எந்த முனையிலிருந்து எது வருதுன்னு டேப் ஒட்டி எழுதிடுங்க. லோவுக்கும் ஹைக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போனா காயில் அங்கேயே கருகிடும். கன்ட்ரோல் போர்டு லேபிளில் 50/60 ஹெர்ட்ஸ்னு இருக்கான்னும் பாருங்க.

பழைய மோட்டார் சூடானதுக்கு ஷாஃப்ட்டைத் தாங்குற பேரிங் மட்டும் காரணம் இல்ல. 240 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் காயிலை 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினா, ஹெர்ட்ஸுக்கு 4 வோல்ட் விழ வேண்டிய இடத்தில் 4.6 விழும். இரும்பு அதைத் தாங்காம அதிக ஆம்பியர் இழுக்கும்.

190 வோல்ட்டில் ஸ்டார்ட்டிங் முறுக்கு (கிளம்பும்போது சுழற்றுற விசை) மூணில் ரெண்டு பங்குதான் கிடைக்கும். முதலில் வயரைப் பாருங்க. 2.5 ஸ்கொயர் (சதுர எம்.எம்.) காப்பர் வயர் 40 மீட்டர் ஓடி, ஹீட்டரும் பம்பும் சேர்ந்து 22 ஆம்பியர் இழுத்தா, வயரிலேயே சுமார் 16 வோல்ட் போயிடும். 6 ஸ்கொயர் போட்டா ஆறரைக்குள் அடங்கும். அதுக்கப்புறமும் குறைஞ்சா டப் முழுசுக்கும் ஸ்டெபிலைசர், 7.5 கே.வி.ஏ.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாம அந்தத் தொட்டியில் யாரையும் இறக்காதீங்க. மோட்டார் உடம்பில் இருக்கிற பித்தளை லக்கில் எர்த் காப்பர் கம்பியைக் கட்டாயம் முடுக்குங்க.

தளி தோட்டம்:
சொன்னபடியே மாட்டியாச்சு, எங்கேயும் கசிவு இல்ல. ரொம்ப நன்றிங்க. ஆனா லோவில் போட்டா உறுமுது, ஜெட்டில் தண்ணி வரலை. டிஸ்ப்ளேயில் ஃப்ளோ எரர். தண்ணி ஓடுதான்னு பார்க்கிற பிரஷர் சுவிட்ச்சைத் திருகிடவா?

பம்ப்செட் ஓசூர்:
சுவிட்ச்சைத் தொடாதீங்க சார், முதலில் நிறுத்துங்க. ஏர் பிடிச்சிருக்கு. ரெண்டு கேட் வால்வும் முழுசா திறந்திருக்கான்னு பாருங்க. பம்ப் நின்ன நிலையில் மெயினை ஆஃப் பண்ணி, டெலிவரி யூனியனை முக்கால் சுற்று மட்டும் தளர்த்துங்க. புஸ்ஸுனு காற்று போகும், அப்புறம் நுரையா வரும், கடைசியா குமிழ் இல்லாத தண்ணி மரை வழியா வழியும். அப்போ பூட்டிடுங்க. ஈரத்தைத் துடைச்சிட்டு மெயினைப் போட்டு, ஹையில் பத்து விநாடி, நிறுத்தி மறுபடி பத்து விநாடி. தண்ணி இல்லாம ஓடினா புது சீல் சூடேறி அன்னிக்கே போயிடும். அடுத்த தடவை நிரப்பும்போது ஹோஸை ஃபில்டர் குழிக்குள் விட்டு நிரப்புங்க, காற்று பைப்பில் தங்காது.

ஃபில்டரைக் கழற்றி லோவில் ஓட்டியும் எரர் வந்தா மட்டும் சுவிட்ச்சைப் பார்க்கலாம். பம்ப் ஓடும்போது அதோட கான்டாக்ட் சேரணும், நிறுத்தினா பிரியணும். கால் சுற்றுக்கு மேல் திருப்பாம ரெண்டையும் மீட்டரில் பாருங்க. எப்பவும் சேர்ந்தே இருக்கிற மாதிரி திருகிட்டா, தண்ணி ஓடாதப்பவும் ஹீட்டர் எரியும், ஹீட்டர் குழாய் உருகிடும்.

கிருஷ்ணகிரி போர்வெல்:
ஏர் போனதும் இதையும் பாருங்க. அந்த வெள்ளைக் கோடு பழைய சீல் கசிஞ்ச தடம். நம்ம பக்கம் கருங்கல் நிலம், பல இடத்தில் போர் தண்ணி கடினம் அதிகம். சீலின் கார்பன் முகத்தில் உப்பு படிஞ்சு கீறும், கசிஞ்ச தண்ணி முன் பேரிங்குக்குள் போகும், அதான் கிறீச் சத்தம். மழைத்தண்ணி கலந்து கால்சியம் கடினத்தை 150லிருந்து 250 பி.பி.எம்.முக்குள்ளயும், பி.எச். 7.2லிருந்து 7.8க்குள்ளயும் வையுங்க. குளோரின் மாத்திரையைப் பம்ப் உறிஞ்சுற வாய்க்குப் பக்கத்தில் போடாதீங்க.

தளி தோட்டம்:
ஏர் போயிடுச்சுங்க. எரர் இல்ல, கிளாம்ப் மீட்டரில் ஹையில் 8.7 ஆம்பியர். பெயர்ப்பலகையில் 9.2.