மரக்கன்று நடவா, காடு மீட்பா? நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதுவது குறித்து ஒரு கேள்வி

கேள்வி:
வணக்கம். மலையடிவாரத்தில் இயங்கும் சிறு அறக்கட்டளை ஒன்றில் பணிபுரிகிறேன். ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, ஒரே ஆண்டில் 50,000 கன்றுகள் நடுவதற்குப் பணம் தர முன்வந்துள்ளது. ஆனால் நட்ட பிறகு அவற்றைப் பராமரிப்பது யார் என்று வரைவு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. எண்ணிக்கையைக் குறைத்து, ஆண்டுகளைக் கூட்டித் தரும்படி கேட்கலாமா?

மறுமொழி 1:
கட்டாயம் கேளுங்கள். வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டுநிலத்தில், தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாக மழைக்காடுகள் எஞ்சியுள்ளன; அவற்றில் பல தோட்ட நிறுவனங்களின் நிலத்திலேயே இருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்புக் கழகம் (என்.சி.எஃப்.) இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நிறுவனங்களுடன் இணைந்து, அயல்நாட்டுக் களையான உண்ணிச்செடிப் புதர்களை அகற்றி, அந்த மலைக்கே உரிய மரங்களை நாற்றங்காலில் வளர்த்து நட்டுவருகிறது. நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை ஆய்வு செய்தபோது, தானாக மீளும்படி விடப்பட்ட இடங்களைவிட அங்கே மர வகைகளும் சேமிப்பான கரிமமும் கூடுதலாக இருந்தன. அப்போதும் அவை சிதையாத காட்டின் அளவை எட்டியிருக்கவில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தில் எதைக் காட்ட முடியும்?

மறுமொழி 2:
சட்டம் தரும் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிய 135-ஆம் பிரிவின்கீழ் இதைத் ‘தொடர் திட்டம்’ என்று அறிவித்தால், தொடங்கும் நிதியாண்டு நீங்கலாக மேலும் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். ஆகவே ஓராண்டுதான் முடியும் என்று நிறுவனம் சொன்னால், அது சட்டத்தின் கட்டாயம் அன்று. களையெடுப்பு, இறந்த கன்றுகளுக்கு மாற்று நடவு, காவலர் கூலி ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்புகளில் எழுதிவிடுங்கள். தொகையைத் தவணையாகப் பெறுவதாக இருந்தால், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு அன்றி, உயிருடன் நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையோடு அதைப் பிணையுங்கள்.

மறுமொழி 3:
இவற்றுக்கெல்லாம் முன்பு, அந்த இடம் என்றேனும் காடாக இருந்ததா என்று பாருங்கள். நீலகிரியின் புல்வெளிகளில் ஒருகாலத்தில் நட்ட, சீகை (வாட்டில்) எனும் அயல்நாட்டு மரங்களை இன்று வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது. புல்வெளியில் மரம் நடுவதற்கு யார் பணம் கொடுத்தாலும், மறுப்பதே உங்கள் கடமை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நிலத்தின் ஒரு பகுதி புல்தரைதான். அதை வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சிய பரப்புக்கு நான்காண்டுத் திட்டமாக எழுதி அனுப்புகிறேன்.