நெட்டோடு சேராத டிவி வேண்டும், எதை வாங்கலாம்?

மாசி வீதி (மதுரை):
எங்கள் வீட்டு 2012 டிவியில் போன வாரம் பாதித் திரை இருண்டுவிட்டது. சரிசெய்கிற செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார் சர்வீஸ்காரர். 43 இன்ச், முப்பதாயிரத்துக்குள் வேண்டும். இணையத்தோடு எந்தச் சங்காத்தமும் இருக்கக்கூடாது. கடையில் கேட்டால், "ஸ்மார்ட் இல்லாத டிவி இந்த சைஸ்ல வர்றதே இல்லீங்க" என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தம்பி வீட்டில் புது டிவி மாட்டிய அன்று நானும் இருந்தேன். பக்கம் பக்கமாக ஒப்புதல் கேட்டது, அவன் ஓகே ஓகே என்று தட்டிக்கொண்டே போனான். ரிமோட்டை வாங்கி ஒரு பக்கத்தைப் படித்தேன். நாம் என்ன பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களாம். என் அம்மாவுக்கு 74 வயது, கீமோ முடிந்து ஆறு மாதம் ஆகிறது. அவருடைய ஸ்கேன் படங்களை லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வயர் போட்டு டிவியில் பெரிதாக்கித்தான் பார்ப்போம். அக்கா போனில் இருப்பாள், அம்மா சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்காருவார். அந்தத் திரையில் இருப்பதை முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

சால்டரிங் (திண்டுக்கல்):
தங்கச்சி, 22 வருடமாக டிவி ரிப்பேர் பார்க்கிறேன். ஸ்மார்ட் இல்லாததுதான் வேண்டும் என்றால் 32 இன்ச்சில் இன்னும் கிடைக்கும். 43 இன்ச்சில் தேடி அலையாதீர்கள். நல்ல பேனல் உள்ள ஸ்மார்ட் டிவியே வாங்குங்கள், வைஃபை பாஸ்வேர்டை மட்டும் கொடுக்காதீர்கள். நெட் வயரும் இல்லை, வைஃபையும் இல்லை என்றால் அது வெறும் திரைதான்.

கூகுள் டிவி போட்ட மாடல்களில் முதல் முறை ஆன் செய்யும்போதே "பேசிக் டிவி" என்று ஒன்றைக் கேட்கும். அதை எடுத்தால் கணக்கும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். மற்ற மாடல் என்றால், நெட் இல்லாமல் முழுசாக செட்டப் செய்து காட்டச் சொல்லிக் கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். மாட்ட வருகிற பையன் தன் போன் ஹாட்ஸ்பாட்டையாவது போடப் பார்ப்பான், விடாதீர்கள்.

இன்னொன்று. ஆன் செய்ததும் ஹோம் பக்கம் வராமல் நேராக எச்டிஎம்ஐக்குப் போகும்படி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கேபிள் பெட்டியை மட்டும் பார்க்கிற வயசானவர்களுக்கு இதுதான் முக்கியம். அது இல்லாமல் தினமும் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாக்கெட் (கோவை):
அக்கா, நான் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். உங்கள் பயம் நியாயமானதுதான். டிவிக்குள் இருக்கும் அந்த வசதிக்கு ஏசிஆர் என்று பெயர். திரையில் ஓடுவதை நொடிக்குப் பல முறை பிடித்து, கைரேகை மாதிரி ஒரு சுருக்கமாக்கி சர்வருக்கு அனுப்பும். அங்கே ஒப்பிட்டுப் பார்த்து, ஓடுவது இன்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிப்பார்கள். முழுப் படம் போவதில்லை, ஆனாலும் உங்கள் திரையில் இருந்து எடுத்ததுதான் அது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்துப் பல்கலைக்கழக ஆட்கள் ஓர் ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டார்கள். டிவியை வெறும் திரையாக எச்டிஎம்ஐயில் மாட்டியிருந்தபோதும் ஏசிஆர் வேலை செய்ததை அதில் பார்த்தார்கள். நீங்கள் ஸ்கேன் பார்க்கும் முறை அப்படியே அதுதான். செட்டிங்கில் அதை அணைத்ததும் அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் தம்பி வீட்டில் போய் இன்றே அணைத்துவிடுங்கள். சாம்சங்கில் "வியூவிங் இன்ஃபர்மேஷன்" என்று இருக்கும், எல்ஜியில் "லைவ் பிளஸ்".

இதற்காக அபராதமும் விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் ஆட்களுக்குத் தெரியாமல் இப்படி எடுத்ததற்கு 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது.

மாசி வீதி:
இரண்டு பேருக்கும் நன்றி. எச்டிஎம்ஐ விஷயம் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அண்ணா, ஒரு சந்தேகம். மகனுக்கு வார இறுதியில் படம் பார்க்க வேண்டும். நெட்டே இல்லாமல் எப்படி?

சால்டரிங்:
லேப்டாப்பை மாட்டிப் பார்க்கட்டும். டிவிக்கு நெட் இல்லாததால் பயமில்லை. அவன் பார்க்கும் தளத்துக்கு அவன் பார்ப்பது தெரியத்தான் செய்யும், ஆனால் அம்மாவின் ஸ்கேனுக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. பென் டிரைவ் என்றால், அது ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசி வீதி:
நேற்று வாங்கியாயிற்று. மாட்ட வந்தவர் வைஃபை பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே ரவுட்டரை அணைத்து வைத்திருந்தேன். "நெட் போட்டாதான் வாரண்டி" என்றார். வாரண்டி அட்டையை எடுத்து, எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. பேசிக் டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆன் செய்தால் நேராக கேபிள் பெட்டிதான் வருகிறது. ரிமோட்டில் வீடு படம் போட்ட பொத்தான் மீதும் கீழே உள்ள நான்கு ஆப் பொத்தான்கள் மீதும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். மிச்சம் ஆன், சவுண்ட், இன்புட். அம்மா காலையில் தானே போட்டு ராசிபலன் பார்த்தார். தம்பி வீட்டு டிவியில் அதை அணைக்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.