மாஸ்டர்ஃபுல் என்றால் கைதேர்ந்தவரா, அதட்டுகிறவரா?

பாளையங்கோட்டையில் ஒரு தலைமையாசிரியையின் பணி நிறைவு விழாவுக்கு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் எழுதி, அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்டினார். அதில் 'மாஸ்டர்ஃபுல் லேடி' என்று இருந்தது. பாடம் நடத்துவதில் டீச்சர் கைதேர்ந்தவர் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

"அண்ணாச்சி, இதை வாசிச்சா டீச்சர் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குதவங்கன்னுல்லா தோணும்" என்றேன்.

"காருகுறிச்சியார் நாகஸ்வரத்தைப் பத்தி எழுதினாலும் இந்த வார்த்தையைத்தானே போடுதாங்க, அவரு யாரை வே அதட்டுனாரு?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அடக்கி ஆளுகிற குணம், அபாரத் திறமை என்று இரண்டு பொருளும் பல நூற்றாண்டுகளாகவே உண்டு. 1926இல் வந்த தன் ஆங்கில வழக்கு அகராதியில் ஹென்றி ஃபௌலர்தான் அடக்கி ஆளுவதற்கு மாஸ்டர்ஃபுல், திறமைக்கு மாஸ்டர்லி என்று கறாராகப் பிரித்து வைத்தார், பல ஆங்கில வாத்தியார்கள் இன்றும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மெரியம் வெப்ஸ்டர் மாதிரி அகராதிகளோ மாஸ்டர்ஃபுல்லுக்கு இரண்டு பொருளையும் தருகின்றன.

என்னைக் கேட்டால், பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தால் போதும். வாசிப்பு, ஆட்டம், ஓவியம் என்று ஒரு செயலோ படைப்போ நின்றால் திறமை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள், காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பை அப்படிச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. ஆளையோ குரலையோ நேராகச் சொன்னால்தான் அதிகார வாடை அடிக்கும், அதுவும் பிரிவு உபசார மடலில் அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது, வீட்டில் சட்டம் போட்டு மாட்டுகிற காகிதம் அது. 'மாஸ்டர்லி டீச்சர்' என்று மாற்றினோம், அண்ணாச்சிக்கும் சம்மதம்.

அப்புறம் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் பத்தமடைப் பாய் பற்றிக் கட்டுரை எழுதினாள். தாமிரபரணித் தண்ணீரில் கோரையை ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து, பட்டு மாதிரி நெய்கிறார்களே, அதை 'மாஸ்டர்ஃபுலி' நெய்தது என்று எழுதியிருந்தாள். ஃபௌலர் விதியைச் சொல்லி ஆசிரியர் அதைச் சுழித்துவிட்டார். இந்த இடத்தில் அவள் எழுதியதுதான் சரி. மாஸ்டர்லி ஏற்கெனவே 'லி'யில் முடிகிறது, எப்படி நெய்தார்கள் என்று சொல்ல அதன் மேல் இன்னொரு 'லி' போட்டால் வாயில் நுழையாது, அதனால் கறாரானவர்கள்கூட 'இன் எ மாஸ்டர்லி வே' என்று சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அகராதியைக் காட்டிப் பணிவாகக் கேட்டுப் பார் தாயி என்றேன், கேட்டாள், ஆசிரியரும் அப்படியே விட்டுவிட்டார்.