1781 நாகப்பட்டினம் முற்றுகை: படை அதிகாரிகளின் நியமன ஆணைகளைத் தேட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரான நாகப்பட்டினத்தைப் பற்றிய சிறு வரலாற்று நூல் ஒன்றைத் தொகுத்து வருகிறேன். அதில் ஓர் அத்தியாயம் மட்டும் நான்கு மாதங்களாக நகரவில்லை.

1780 டிசம்பரில் பிரிட்டன் டச்சுக்காரர்கள் மீது போர் அறிவித்தது. 1781 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் தளபதி ஹெக்டர் மன்றோவின் படை டச்சுக்காரர்கள் வசமிருந்த நாகையை முற்றுகையிட, ஆளுநர் ரேனியர் வான் விளிசிங்கனின் ஆட்களும் ஐதர் அலியின் வீரர்களும் சேர்ந்து எதிர்த்து நின்றும், நவம்பரில் கோட்டை வீழ்ந்தது. முற்றுகையிட்டவர்களைப் பற்றி ஆங்கில நூல்களில் தாராளமாகக் கிடைக்கிறது. கோட்டையைக் காத்த கேப்டன்களையும் லெப்டினன்ட்களையும் நியமித்தவர் யார் என்பதுதான் பிடிபடவில்லை. அந்த ஆணைகள் டச்சுக் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) வந்தனவா, கொழும்பு வழியாகவா, நாகையில் இருந்த ஆளுநர் குழுவே போர்க்கால அவசரத்தில் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டதா?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று முறை தேடினேன். அங்குள்ள டச்சு ஆவணங்களில் பெரும்பகுதி கொச்சியைச் சார்ந்தது. ஊரிலுள்ள டச்சுக் கல்லறைகளின் எழுத்துகளையும் படியெடுத்துப் பார்த்தேன் (உப்புக்காற்று அரித்தது போக மிஞ்சியவை கொஞ்சமே), பயனில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியாளர் பட்டியல்களில் பெயர், பதவி, சொந்த ஊர் வரை கண்டேன். நியமித்தவர் பெயர் அவற்றில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாததால் கடிதத் தொகுப்புகளுக்குள் இறங்கவும் முடியவில்லை.

1780 டிசம்பர் முதல் 1781 நவம்பர் வரையிலான நாகை நியமன ஆணைகள் ஹேக் ஆவணங்களில் எந்தத் தொகுதியில் உள்ளன என்று உங்களில் எவரேனும் சொல்ல இயலுமா?