வெற்றளவா, பேயளவா: தாய்ப்பலகை காட்டும் 127 பாகைக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். கணினியின் உள்வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் காட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தமிழாக்கக் கோப்பு வெள்ளிக்கிழமை மாலை மூடப்படுகிறது. ஒரே ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. அது கிடைக்காததால் எச்சரிக்கைத் தொடர்கள் சில அரைகுறையாக நிற்கின்றன. தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) உணரி (சென்சார்) எதுவும் இணைக்கப்படாத ஒரு முனையை மென்பொருள் படிக்கும்போது, 127 பாகை செல்சியஸ் என்பது போன்ற நம்ப முடியாத எண் திரையில் வருகிறது. அதைப் பார்ப்பவர் பலகை எரியப்போகிறதென்று பதறிப்போய், பழுது பார்க்கும் கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல் இட்டு, இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று உணர்த்த வேண்டும். தற்காலிகமாகப் 'பொய்யளவீடு' என்று இட்டு வைத்திருக்கிறேன். கட்டம் குறுகலானது என்பதால், மாற்றுச்சொல் தருபவர்கள் சிறியதாகத் தர வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'பொய்யளவீடு' இரண்டு இடங்களில் இடறுகிறது. அளவீடு என்பது அளந்து பெற்றதைக் குறிக்கும். இங்கே எதுவும் அளக்கப்படவே இல்லை. பொய் என்பதற்கோ, மெய்யை அறிந்தும் மறைப்பவர் ஒருவர் வேண்டும். உணரியே இல்லாத இடத்தில் பொய் சொல்பவர் யார்? ஆகவே 'வெற்றளவு' என்று சொல்லலாம். வெறுமை, அளவு என்னும் இரண்டும் புணரும்போது ஈறு போய், தன் ஒற்று இரட்டி, வெற்றளவு ஆகும். வெற்றிடம், வெற்றுடல் எல்லாம் இவ்வாறு வந்தவையே. வெற்றிலையையும் இந்த வரிசையில் வைப்பார்கள். பூவுக்கோ காய்க்கோ அல்லாமல் வெறும் இலைக்காகவே வளர்க்கப்படுவதால் அப்பெயர் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் அந்த நோக்கில் பார்த்தால் கறிவேப்பிலையும் வெற்றிலையாகத்தானே இருந்திருக்க வேண்டும் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதே சொல் மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் நாவில் ஏறி ஐரோப்பிய மொழிகளுக்குள் போன வரலாறும் சுவையானது. விரும்பினால் தனி மடலில் எழுதுகிறேன்.

வன்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்:

ஐயா, சொல்லை முடிவு செய்வதற்கு முன் பொருளைச் சற்று விளக்கிவிடுகிறேன். தாய்ப்பலகையின் வெப்பத்தைப் படிப்பது நூவோட்டன், ஐடிஇ போன்ற நிறுவனங்கள் செய்யும் ஒரு கண்காணிப்புச் சில்லு. அதில் வெப்பநிலைக்கென்று பல உள்ளீட்டு முனைகள் இருக்கும். பலகை தயாரிப்பவர் அவற்றில் இரண்டையோ மூன்றையோ பயன்படுத்திவிட்டு மீதியை எங்கும் இணைக்காமல் விட்டுவிடுவார். சில்லுக்கு அது தெரியாது, மென்பொருளுக்கும் தெரியாது. லினக்ஸ் இயங்குதளத்தில் சென்சார்ஸ் கட்டளையை இட்டுப் பார்த்தால், முனைகளின் பெயர்களோடு சிஸ்டின் 34 என்றும் சிபியுடின் 38 என்றும் ஒழுங்காக வரும். அதற்கு அடுத்த வரியிலேயே ஆக்ஸ்டின் 127 என்று நிற்கும். எட்டு பிட்டில் கூட்டல், கழித்தல் குறியுடன் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 127 என்பதால், அது வெப்பநிலை அன்று, எண்ணின் கூரை. எங்கும் சேராத முனை அக்கம்பக்கத்து மின்னழுத்தத்துக்கு ஏற்ப அலைவதால் சில பலகைகளில் 90, 113 என்றும், சிலவற்றில் பூச்சியத்துக்குக் கீழேயும் காட்டும். ஆகவே 'மிகைவெப்பம்' என்ற பொருள் தொனிக்கும் எந்தச் சொல்லும் பொருந்தாது.

சோதித்து அறிவது எளிது. இரவெல்லாம் அணைந்து கிடந்த கணினியைக் காலையில் இயக்கியவுடன் வரும் அளவு அறைவெப்பத்தை ஒட்டியிருக்க வேண்டும். அப்போதே 127 என்றால் அங்கே ஆள் இல்லை என்று பொருள். பிறகு செயலிக்குக் (சிபியுவுக்கு) கடும் வேலை கொடுத்துப் பார்க்கலாம். உண்மையான உணரி படிப்படியாக ஏறி, வேலை நின்றதும் இறங்கும். வெற்று முனையோ அசையாமல் நிற்கும், அல்லது காரணமின்றித் துள்ளும். இன்றைய செயலிகள் பெரும்பாலும் 100 பாகையை நெருங்கும்போதே தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்பவை என்பதால், 127 பாகையில் ஒரு கணினி சாவதானமாக மடல் அனுப்பிக்கொண்டிருக்க வழியில்லை.

அறிவியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

வணக்கம். வெற்றளவு இலக்கணப்படி சரிதான். ஆனால் மாணவருக்கு அதில் காட்சி ஒன்றும் எழாது. சங்கப் பாலைப் பாடல்களில் கானல்நீரைப் பேய்த்தேர் என்றார்கள். வெப்பம் தொடர்பான, இல்லாததை இருப்பதாகக் காட்டுகிற ஒரு தோற்றத்துக்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல் இருக்கும்போது நாம் ஏன் வேறிடம் தேட வேண்டும்? 'பேயளவு' என்று வைக்கலாம். பேய்க்கரும்பு, பேய்ச்சுரை, பேய்ப்புடல் என்று, உருவில் ஒத்து உணவுக்கு உதவாதவற்றை இந்த முன்னொட்டால் குறிப்பது நம் வழக்கம்தானே. எங்கள் ஊர்ப் பேச்சில் பேய்க்கதை என்றால் பொருளற்ற கதை. அந்த 127 அப்படிப்பட்ட ஒரு கதைதான்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அம்மா, பேய்த்தேர் அழகாக இருக்கிறது. ஆனால் இங்கே பேய்மழை என்றால் கொட்டித் தீர்த்த மழை, பேய்க்காற்று என்றால் மரத்தைச் சாய்க்கும் காற்று. சென்னையில் ஒருவர் 127 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பேயளவு என்று படித்தால், வெப்பம் அளவுகடந்து போய்விட்டது என்றே புரிந்துகொண்டு மின்னிணைப்பைப் பிடுங்குவார். நாம் தவிர்க்க நினைத்த பதற்றத்தை நாமே எழுப்பியது போலாகும். என்னைக் கேட்டால், 'சென்சார் இல்லை' என்று எழுதிவிடலாம். கடையில் வேலை செய்பவரும் வாடிக்கையாளரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'உணரி' என்ற சொல் பாடநூலில் ஏறிப் புழக்கத்தில் இருக்கும்போது சென்சாரைத் திரும்பக் கூட்டி வருவது தேவையற்றது. கடையில் பேசுவதே அளவுகோல் என்றால் தாய்ப்பலகையையும் விட்டுவிட்டு மதர்போர்டு என்றே எழுத வேண்டியதுதான். பிறகு இந்தக் குழு எதற்கு? மேலும் 'சென்சார் இல்லை' ஒரு வாக்கியம், கலைச்சொல் அன்று. அதற்கு வேற்றுமை உருபு ஏற்றிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

உருபு ஏற்றத் தேவையில்லை ஐயா. அது ஒரு கட்டத்துக்குள் தனியாக நிற்கப்போகிறது.

அறிவியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

பாடநூல் என்றால் எந்தப் பாடநூல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் தெவிட்டிய கரைசல் என்பதை நாங்கள் நிரம்பிய கரைசல் என்று படிப்பிக்கிறோம். அங்கே மின்தடையாக்கி, இங்கே தடையி. பேய் என்ற முன்னொட்டுக்குத் தமிழ்நாட்டுப் பொருள் ஒன்றையே கணக்கில் எடுத்து அதைத் தள்ளுவது நியாயமாகப் படவில்லை.

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்:

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தல் ஒன்று என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன். வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது.

வன்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்:

ஒரு சிக்கலை எல்லாரும் கடந்து போய்விட்டோம். ஐயத்துக்குரிய உயர்ந்த எண் எல்லாமே வெற்று முனையிலிருந்து வருவதில்லை. 2017இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகள், விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மை வெப்பத்தோடு 20 பாகையைக் கூட்டியே வெளியில் சொல்லும். அங்கே உணரி இருக்கிறது, அளக்கிறது. கழித்துப் பார்த்தால் உண்மை கிடைக்கும். இன்னொரு வகையில், இரண்டு கண்காணிப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் சில்லைப் படிக்கின்றன. சில்லுக்குள் மதிப்புகள் இருக்கும் இடங்களான பதிவகங்களில் எது வேண்டும் என்று முதலில் சுட்டெண்ணை எழுதி, அதன் பிறகே மதிப்பைப் படிக்க முடியும் என்பதால், ஒன்று எழுதிய சுட்டெண்ணை இன்னொன்று இடையில் மாற்றிவிட, விசிறியின் மதிப்பு வெப்பநிலையின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இம்மூன்றையும் 'பொய்யளவீடு' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், நாளைக்குச் செயலியின் மேல் பூசிய வெப்பப்பசை காய்ந்துபோய்ச் செயலி உண்மையாகவே 95 பாகையில் தவிக்கும்போதும் பயனர் அதையும் பொய் என்று ஒதுக்கிவிடுவார். எனக்கு அதுதான் கவலை. வெற்றளவு என்றால் முனை வெறுமை என்பதோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டின் மேலும் அது படராது. தமிழாசிரியர் ஐயா இலக்கணத்துக்காகச் சொன்னார், நான் பொறியியலுக்காக அதை ஏற்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

இந்தக் காரணம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஆனால் வெற்றளவு என்ற சொல்லை முதன்முறை பார்ப்பவர் அதை வெற்றியோடு சேர்த்துப் படிக்கவும் வாய்ப்புண்டு. சுட்டியை அதன்மேல் வைத்தால் விரியும் விளக்கத்திலாவது 'இந்த இடத்தில் சென்சார் இணைக்கப்படவில்லை. இந்த எண்ணை மறைக்கலாம்' என்று இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்:

விடையளித்தவர்களில் பெரும்பாலோர் வெற்றளவை ஏற்கிறார்கள். ஏற்காதவர்களும் களைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டத்தில் 'வெற்றளவு' என்றும், விரியும் விளக்கத்தில் சென்னை நண்பர் தந்த தொடரும் ஏற்றப்பட்டுவிட்டன. 20 பாகை கூட்டிச் சொல்லும் வகைக்கு 'ஏற்றிய அளவு' என்று தற்போதைக்கு இட்டிருக்கிறேன். அதைப் பற்றி அடுத்த வெளியீட்டின்போது பேசலாம்.

அறிவியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

கோப்பில் அப்படியே இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் பேயளவை இணைச்சொல்லாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்பில் நான் அதையே சொல்லப்போகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

இணைச்சொல்லுக்கு எனக்கு மறுப்பில்லை. விளக்கத் தொடரில் சென்சார் என்று எழுதியதற்கு நான் உடன்படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள்.