வெளிநாட்டு முகாமில் பிள்ளைகளை வழிநடத்தியவர்கள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பு

பாயான் லெப்பாஸ் உறுப்பினர்:
அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு கோடைக்கால முகாமில் வழிநடத்துநராக இருந்தேன். உண்ணிக் கடியால் தொற்றும் லைம் நோய்க்குப் பெயர் தந்த ஊர் அம்மாநிலத்தில்தான் இருக்கிறது என்பதால், மாலைதோறும் பிள்ளைகளின் தலையிலும் காதோரத்திலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் கடமை. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் அன்று தொப்பியைக் கழற்ற மறுத்தான். காதுக்குப் பின்னால் எள்ளளவில் ஓர் உண்ணி இருந்தது. தாதி அதைப் பிடுங்கிக் குப்பியில் இட்டபோது, அவன் என் பக்கம் திரும்பி, "இதற்காக அம்மா என்னை அழைத்துப்போக வந்துவிடுவாரா?" என்று கேட்டான். வரமாட்டார் என்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அச்சத்தில் கேட்டானா, ஆசையில் கேட்டானா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செந்தூல் உறுப்பினர்:
ஆசையில்தான் கேட்டான், ஐயா. பென்சில்வேனியாவில் என் பொறுப்பில் இருந்த சிறுமிக்கு விளக்கணைக்கும் நேரத்தில் மட்டும் வயிறு வலிக்கும். பகலில் ஏரியில் நீந்தும்போது ஒரு வலியும் இராது. அம்மாவின் கடிதம் வந்த இரவில் அவள் தலையணைக்கடியில் அதை வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிடாமலே உறங்கினாள். வீட்டு ஏக்கம் பிள்ளைகளின் உடம்பில்தான் முதலில் தெரியும்.

பட்டர்வொர்த் உறுப்பினர்:
நேரில் பாராத பிள்ளையின் மனத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆசையென்றால் அவன் உண்ணியை ஏன் தொப்பிக்குள் மறைக்க வேண்டும்? மாசசூசெட்ஸில் என் குழுவிலிருந்த ஒருவனும், மறுநாள் படகோட்ட விடமாட்டார்கள் என்று பயந்து, முழங்காலுக்குப் பின்னால் இருந்ததை மறைத்தான். இனிப் போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் அட்டைக்கு உப்பும் புகையிலையும் வைத்த பழக்கத்தில் உண்ணிக்கு நெருப்போ வாசலினோ வைத்துவிடாதீர்கள். நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். அதையும் முகாமின் தாதியே செய்வது நல்லது. நோய் தொற்றுவதற்குப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றாடம் பார்ப்பதே பெரிய காப்பு. பிடுங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் முதலில் அந்தத் தேதியைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளை அதற்குள் வீடு திரும்பியிருக்கக் கூடும் என்பதால் பெற்றோருக்கும் அதை எழுத்தில் கொடுத்தனுப்புங்கள்.